சுவர்ணா கூப்பிட்ட பெயர்

"இன்னும் வேகமா விடுங்க!" டொரதி பின்னாலிருந்து கணவன் எஸ்ரனின் தோளைத் தட்டினாள். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து குண்டசாலைக்குப் பறந்துகொண்டிருந்தது அவனுடைய ஆட்டோ.

மடியில் இரண்டு வயது ஷாமலா. காதுக்குப் பின்னால், கேட்கவைக்கும் புதுக் கருவி. தலையில் காந்தத்தால் ஒட்டிய சின்ன வட்டம். அன்று காலைதான் அதை இயக்கிவைத்தார்கள். "முதல் நாளே பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றும் சொன்னார்கள். ஆனால் பஸ் ஹோர்னுக்குப் பிள்ளை திடுக்கிட்டதை டொரதி பார்த்துவிட்டாள்.

வீட்டில் எஸ்ரனின் அக்கா சுவர்ணா காத்திருந்தாள். புற்றுநோய் ஈரல்வரை போய்விட்டது. இன்று தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மொதல்ல புள்ளையக் கொண்டுபோங்க. வர்றவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்" என்று காலையில் அவள்தான் விரட்டினாள்.

வயிற்றில் இருந்தபோதே தொற்றிய ஒரு வைரஸ் ஷாமலாவின் கேட்கும் திறனைப் பறித்திருந்தது. டொரதி வேலைபார்த்த பாலர் பாடசாலையில் அவள் துடைத்துவிட்ட எச்சில் வாய்களில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். டொரதிக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததாக ஞாபகமில்லை. அன்று அவள் தன் கைகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். சுவர்ணா அந்தக் கைகளைப் பிடித்து எழுப்பினாள். "புள்ளைங்களக் கொஞ்சுனது ஒரு குத்தமா? எந்திரி டொரதி. அடுத்தது என்னன்னு பாப்போம்." பிறகு கிளினிக் கிளினிக்காகக் கூடவே அலைந்தாள், தனக்கு நோவு கண்ட பிறகும்.

ஆட்டோ நின்றதும் டொரதி உள்ளே ஓடினாள்.

"மாட்டியாச்சா?" சுவர்ணாவின் குரல் காற்றாகத்தான் வந்தது.

"மாட்டியாச்சு மதினி. பாருங்க!"

"அந்தப் பக்கம் திருப்பி உக்கார வை. என் மூஞ்சி தெரியக்கூடாது."

பிள்ளை கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து விளையாடத் தொடங்கியது.

"ஷாமலா..."

அசைவில்லை. டொரதி பிள்ளையின் தோளைத் தொடப் போனாள். சுவர்ணா வேண்டாமென்று தலையசைத்தாள். எஸ்ரன் முதுகில் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்க, இருந்த மூச்சையெல்லாம் கூட்டினாள்.

"ஷாமலா!"

பிள்ளை விளையாட்டை விட்டது. சுவரைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி சுவர்ணாவைப் பார்த்தது.

"கேட்டுட்டா! டேய் எஸ்ரன், கேட்டுட்டாடா!" சுவர்ணா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது. டொரதி கைதட்டிக் குதித்தாள். கண்ணீரைத் துடைக்கவும் மறந்து போனாள்.

பிற்பகலில், தம்பியின் கையைப் பிடித்தபடியே, சுவர்ணாவின் மூச்சு நின்றது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அழத் தொடங்கியதும் எஸ்ரன் டொரதியின் காதருகே குனிந்தான். "அத கழட்டிடு. புள்ள பயந்துரும்."

டொரதியின் கை கருவிவரை போனது. அங்கேயே நின்று, பிறகு பிள்ளையின் தலையைக் கோதிவிட்டுத் திரும்பியது.

முற்றத்தில் பந்தல் கம்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு மூக்கையா. ஷாமலா தத்தித் தத்தி வாசலுக்குப் போய், சுத்தியலைப் பார்த்தபடி நின்றாள். ஒவ்வோர் அடிக்கும் கண் சிமிட்டினாள். பிள்ளையைக் கண்டு மூக்கையா கையை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க அண்ணே" என்றாள் டொரதி. "அடிங்க."

அவர் ஓங்கி அடித்தார்.