எண்பத்தைந்தில் நின்ற எண்

குழந்தைக்கு உதடு கறுத்திருக்கிறது என்று கிளமென்ட் போனில் சொன்னபோது, விண்ணரசி கும்பகோணத்தில் தன் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தாள். வேதியியல் பேராசிரியை. கிளமென்ட் அவளுடைய தம்பி. திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தில் பயிர் செய்கிறவன். சின்ன விஷயத்துக்குப் பதறுகிற ஆள் இல்லை.

"கறுப்புன்னா எப்படிடா? அழுறாளா?"

"அழல அக்கா. அதான் பயமா இருக்கு. பால் குடிச்சிட்டு அப்படியே கிடக்கா. நகமெல்லாம் நாவப்பழம் மாதிரி ஆயிட்டு."

காரை எடுத்துக்கொண்டு உடனே கும்பகோணத்துக்கு வரச் சொல்லிவிட்டு, தேர்வைச் சக ஆசிரியையிடம் ஒப்படைத்து, அவர்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டாள். கார் வந்து நின்றது. கிளமென்டின் மனைவி லின்சி முந்தானையை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினாள். அருள்ஜோதிக்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை. போன ஞாயிறு ஞானஸ்நானத்தில் ரோஜா நிறத்தில் வீரிட்டு அழுத பிள்ளை. இப்போது சாம்பல் பூசினாற்போல இருந்தாள்.

குழந்தைகள் பிரிவில் டாக்டர் ஷமீரா பணியில் இருந்தார். இளம் வயது, அதிகம் பேசாதவர். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்து, பாதத்தில் ஆக்ஸிமீட்டரைச் சுற்றினார். பாதத்தின் மறுபுறம் சிவப்பு ஒளி கசிந்தது. திரையில் எண்பத்தைந்து என்று வந்தது. ஆக்ஸிஜனைக் கூட்டினார். எண்பத்தைந்து. முழுதாகத் திறந்துவிட்டார். அப்போதும் எண்பத்தைந்துதான். இருதயத்தில் குறை சத்தம் இல்லை, நெஞ்சில் சளி இல்லை. எண் மட்டும் அசையவில்லை.

விண்ணரசி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருவி மூச்சை அளப்பதில்லை, ஒளியை அளக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சிவப்பு ஒளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒன்று. இரண்டு அலைநீளங்களில் எதை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதத்தை வைத்துத்தான் ஆக்ஸிஜனைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே அளவாக விழுங்குகிற ரத்தம் வந்துவிட்டால் அதற்குக் கணக்கு தப்பிவிடும். எத்தனை கேட்டாலும் எண்பத்தைந்து என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஷமீரா ரத்தம் எடுத்து, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டார். காற்றுப் பட்டால் சிவக்க வேண்டியது, பழைய கஷாயம் போலப் பழுப்பாகவே நின்றது.

"குழந்தைக்கு என்ன பால் குடுக்கறீங்க?"

"பவுடர் பால்தான் டாக்டர்" என்றாள் லின்சி. "எனக்கு டைபாய்டு வந்து பால் வத்திப்போச்சு. வாசல் அடிபம்புத் தண்ணியை நல்லாக் கொதிக்கவெச்சு, ஆறவெச்சுத்தான் கலக்குறேன். சத்தியமா சுத்தமாத்தான் வெச்சிருக்கேன்."

ஷமீரா விண்ணரசியைத் தனியே அழைத்தார். "தண்ணில நைட்ரேட் கலந்து, ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி ரத்தத்தை மாத்தியிருக்குன்னு நினைக்கிறேன். மெத்திலீன் ப்ளூன்னு ஒரு மருந்து இருக்கு. ஆனா வேற காரணமா இருந்தா பிரயோஜனம் இல்ல. சில பிள்ளைங்களுக்கு அந்த மருந்தே ரத்தத்தை உடைச்சிடும். உறுதி பண்ணுற மெஷின் இங்க இல்ல. தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கேன், அது வர நேரமாகும்."

"எங்க காலேஜ்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கு டாக்டர். பக்கத்துலதான். குடுங்க."

ரத்தக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆய்வகத்தில் யாருமில்லை, தேர்வு முடிந்திருந்தது. கருவி சூடேறும் மட்டும் காத்திருக்கவேண்டியிருந்தது. மின்சாரம் போய்விடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டே, காய்ச்சி வடித்த நீரில் குழந்தையின் ரத்தத்தைக் கரைத்தாள். ஒப்பிட இன்னொன்று வேண்டுமே. ஊசியால் தன் விரலைக் குத்தி, தன் ரத்தத்தையும் அதேபோல் கரைத்துக்கொண்டாள். கண்ணாடிக் குப்பிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று இளஞ்சிவப்பு, மற்றது துருத் தண்ணீர்.

முதலில் தன்னுடையதை வைத்தாள். அறுநூற்று முப்பது நானோமீட்டர் பக்கம் கோடு வயல் வரப்பு மாதிரித் தட்டையாகப் போயிற்று. அடுத்துக் குழந்தையுடையது. அதே இடத்தில் கோடு மெல்ல எழுந்து, புற்றுப்போல ஒரு மேடு கட்டி இறங்கியது. மாறிப்போன ரத்தத்தின் அடையாளம்; பாடப்புத்தகத்தில் வருஷாவருஷம் அவளே நடத்துகிற படம். போனை எடுத்தாள்.

"இருக்கு டாக்டர், மேடு தெளிவா இருக்கு. குடுத்துடுங்க" என்று போனில் கத்திக்கொண்டே படியிறங்கினாள்.

அவள் திரும்பி வந்தபோது, ஷமீரா நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற ஏறத் திரையில் எண் கடைசியில் அசைந்தது. ஆனால் கீழே. எண்பது. எழுபத்திரண்டு. அலாரம் அலறத் தொடங்கியது. அறுபத்து நான்கு.

"நிறுத்துங்க! புள்ளையைக் கொல்லுறீங்க!" கிளமென்ட் டாக்டரின் கையைப் பிடிக்கப் பாய்ந்தான். விண்ணரசி குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"இருடா! அந்த நீலச் சாயம் சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும். மெஷின் ஏமாறுது, அவ்வளவுதான்!"

"நிச்சயமா சொல்றியா?"

அவள் திரையைப் பார்த்தாள். சாயத்தால் எண் இறங்கும் என்பது உண்மை. உயிர் போகிற பிள்ளைக்கும் இதேமாதிரிதான் இறங்கும். அந்தத் திரையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. தன் பேச்சைக் கேட்டுத்தான் மருந்து ஏறுகிறது.

"திரையைப் பார்க்காதீங்க" என்று ஷமீரா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அவருடைய நெற்றியிலும் வியர்வை. "நாக்கைப் பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். லின்சி ஜெபமாலையை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வெகுநேரம் எதுவும் மாறவில்லை. பிறகு நாக்கின் நுனியில் ஒரு சிவப்பு தெரிந்தது. உண்மையா, விளக்கு வெளிச்சமா என்று விண்ணரசியால் சொல்லமுடியவில்லை. அது மெதுவாக உதட்டுக்குப் பரவியது. அருள்ஜோதி முகத்தைச் சுளித்தாள், காலை உதைத்தாள், பசித்த பிள்ளையாக வீரிட்டாள்.

கிளமென்ட் சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் கிளமென்ட் கொண்டுவந்து கொடுத்த பம்புத் தண்ணீரை விண்ணரசி கல்லூரியில் சோதித்தாள். நைட்ரேட்டைக் காட்டும் ரசாயனத்தைச் சேர்த்ததும் தண்ணீர் மாணிக்கச் சிவப்பாக மாறியது. கருவி அளவு தாண்டிவிட்டது என்றது. வடிநீர் கலந்து பத்து மடங்கு நீர்க்கச் செய்தாள். அப்போதும் தாண்டியது.

லின்சியும் குழந்தையும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போய், வயல் உரத்திலிருந்து நைட்ரேட் தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று சொன்னாள். கிளமென்டால் நம்ப முடியவில்லை. "கொதிக்க வெச்சுத்தானே அக்கா குடுத்தோம்?"

"கொதிக்க வெச்சா கிருமி சாகும். இது சாகாதுடா. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும்."

அவன் வாசலுக்கு எதிரே பச்சைப்பசேலென்று நின்ற குறுவைப் பயிரைப் பார்த்தான். "போன வாரந்தான் யூரியா மேலுரம் போட்டேன். கொஞ்சம் கூடத்தான் போட்டேன்." ஸ்பேனரை எடுத்துவந்து பம்பின் கைப்பிடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு அம்சம் குடத்தோடு வந்து நின்றாள். "என்ன தம்பி, ரிப்பேரா? இந்தத் தெருவுலயே இதுதானே தித்திப்புத் தண்ணி. எங்களுக்கும் குடிக்க இதுதான்."

விண்ணரசி திரும்பினாள். அம்சத்தின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தது நினைவில் தட்டியது. "உங்க பேரன் என்ன பால் குடிக்கிறான்?"

"பவுடர் பால்தாம்மா, தாய்ப்பால் பத்தல. நல்லாத்தான் குடிக்கிறான், அழுறதே இல்ல." அம்சம் சிரித்தாள். "ரெண்டு நாளா நிறந்தான் மங்கிக்கிட்டு வருது. அவன் அப்பா நிறம் இறங்குதுபோலன்னு பேசிக்கிட்டோம்."

கிளமென்டின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. கார் சாவிக்காக அவன் உள்ளே ஓடினான். விண்ணரசி அம்சத்தைத் தள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், அந்த வீட்டு வாசலை நோக்கி ஓடினாள்.