இடது தோளில் மூன்றரை விரல்

அன்று காலையில் மட்டும் ஒன்பதாவது தடவையாக அவன் மரம் வெட்டும் செயின் ரம்பத்தை நிறுத்தினான். விசையிலிருந்து விரலை எடுத்தான். முன்கைத் தடுப்பைத் தள்ளி பிரேக்கைப் போட்டான். சுவிட்சை அணைத்து, ரம்பத்தைத் தரையில் வைத்தான். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. யார் இருப்பார்கள்? நூறடி தள்ளி லாரியில் சாய்ந்தபடி டிரைவர் பல் குத்திக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"என்னப்பா, மரத்துக்கு மூச்சு வாங்குதா, உனக்கு மூச்சு வாங்குதா?" என்று கத்தினார் டிரைவர்.

"செயின் லூசா இருக்குண்ணே."

"காலையிலேருந்து ஒன்பது தடவை லூசாகுற செயினை இப்பதான் பார்க்குறேன்!"

அந்த டிரைவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். கண்ணில் பட்டதை நாலு பேருக்கு ஒலிபரப்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவன் சும்மா ஸ்பேனரை எடுத்து, இறுக்கமாகவே இருந்த செயினை இறுக்குவதுபோல் பாசாங்கு செய்தான்.

செயினில் கோளாறு இல்லை. கோளாறு அவன் இடது தோளில் இருந்தது. விசையை முழுசாக அழுத்தி, ரம்பம் மரத்துக்குள் இறங்கி, காதுக் கவசத்துக்குள் ஒரே இரைச்சலாக இருக்கும்போது ஒரு கை வந்து அங்கே விழும். அடிக்காது, இழுக்காது. 'டேய், இங்க பாரு' என்று கூப்பிடுகிற மாதிரி சும்மா விழும். மூன்று விரல் முழுசாக, மோதிர விரல் மட்டும் பாதியாக. மோதிர விரல் பாதியாக இருந்த மனிதர் அவனுக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவன் அக்கா புருஷன். அவர் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

முதலில் அவனும் மனப்பிரமை என்றுதான் தேற்றிக்கொண்டான். அப்புறம் ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி சட்டையைத் தூக்கிக் காட்டி, "கையைத் துடைக்க வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? தினமும் இடது தோள்லதான் செயின் ஆயில்" என்றாள். அவன் சட்டையை வாங்கிப் பார்த்தான். மூன்று கறை நீளம், ஒன்று குட்டை.

மாமாவும் அவனும் பதினோரு வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். வெட்டுவது அவன். கயிறு கட்டுவது, பெட்ரோலில் ஆயில் கலப்பது, மரம் எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் பார்ப்பது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்டுவது, எல்லாம் மாமா. செயினை ராவுவது அக்கா. சாயங்காலம் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் ஒவ்வொரு பல்லும் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் ராவிய செயினில் மரம் மாவாகக் கொட்டாது, சீவல் சீவலாக விழும்.

மாமாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ரம்பம் ஓடும்போது வெட்டுகிறவன் பின்னாலிருந்து ஒருத்தனும் கிட்ட வரக்கூடாது. தூரமாகவே சுற்றி முன்னால் வந்து, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவன் பார்த்து நிறுத்துகிற வரைக்கும், தலையில் இடியே விழுந்தாலும், அங்கேயே நிற்க வேண்டும். ஒரு தடவை வேலை கொடுத்த காண்டிராக்டரே பின்னால் வந்துவிட்டார் என்று, "உங்களுக்கு உயிர் மேல ஆசை இல்லேன்னா வேற எங்கயாவது போய்ச் சாகுங்க சார்" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் மனிதர்.

அப்பேர்ப்பட்ட மாமாதான் அன்றைக்குப் பின்னால் வந்து தோளைத் தொட்டார். அவன் விசையை விடாமலே சட்டென்று திரும்பினான். ரம்பமும் கூடவே திரும்பியது. மாமா அவன் காலடியில் விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோது அவன் வாயில் வந்தது இதுதான்: "மாமா கிளையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ரம்பம் துள்ளிடுச்சு." பயத்தில் உளறியதுதான். ஆனால் செயின் சுற்றி ஓடுகிற நீள இரும்புப் பாரின் நுனி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்துக்கு நேரே துள்ளும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். அதற்கப்புறம் அந்தப் பொய்யை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டான். 'எதுக்கு மாமா பின்னால வந்தீங்க?' என்பது ஒன்றுதான் அவனுக்கு ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. சில நேரம் அழுகையாக வரும். சில நேரம், பாவி மனுஷா, உம்ம புத்தி எங்கே போச்சு என்று கோபமாக வரும்.

அன்றிலிருந்து அக்கா அரத்தைத் தொடவில்லை. துக்கம், ஆறிவிடும் என்று நினைத்தான். செயின்களைக் கடைக்காரனிடம் கொடுத்து ராவி வாங்கினான்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் பலகை மேல் ரம்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவன் ஏர் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். அக்கா வந்து நிலைப்படியில் நின்றாள். வந்தவள் முதலில் பார்த்தது தம்பியை இல்லை, பாரை.

"ஒரே பக்கம் தேஞ்சிருக்கு பாரு. திருப்பிப் போட்டு எத்தனை நாளாச்சு?"

"போடணும்க்கா."

"ரேடியோ வந்து சொல்லிட்டுப் போனார். ஒரு மரத்துக்குப் பதினஞ்சு தடவை நிறுத்துறியாமே."

"செயின்..."

"என்கிட்டயே செயினா?" அக்கா உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உனக்குப் பயம்டா. திரும்பவும் துள்ளிடும்னு பயம். அதனாலதான் நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைக்குற. மெஷினைப் பார்த்துப் பயப்படாதே. அது மேல ஒரு தப்பும் இல்லை. அன்னைக்கு அது துள்ளினதுக்கு நான்தான் காரணம்."

அவனுக்குப் புரியவில்லை. அக்கா எழுந்து, அலமாரியில் இருந்த தகர டப்பாவைத் திறந்து இரண்டு சின்னத் தகடுகளை எடுத்துப் பலகையில் வைத்தாள். செயினில் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும். ஒரு கடிக்கு எவ்வளவு மரம் என்று பல்லுக்கு அளவு வைப்பது அந்த மேடுதான். அதை ராவும்போது மேலே இந்தத் தகட்டை வைத்துத்தான் ராவ வேண்டும். மேடு ரொம்பக் குறைந்தால் பல் ஆழமாகக் கடிக்கும், ரம்பம் துள்ளும்.

"இது பெரிய ரம்பத்தோடது. இது சின்னதோடது. அன்னைக்கு முந்தின சாயங்காலம் மாத்தி வெச்சு ராவிட்டேன். அத்தனை மேட்டையும் வழிச்சு எடுத்துட்டேன். கண்ணு எங்க போச்சோ, கை எங்க போச்சோ. நான் ராவின செயின்தான்டா அவரைக் கொன்னுது. ஒரு வருஷமா உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

அவன் ஏர் ஃபில்டரைப் பலகையில் வைத்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், தப்பித்தான். பழியை அவளே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். இனி ஆயுசுக்கும் அவனை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு அவனுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அப்போது இடது தோளில் அந்தக் கை விழுந்தது. ரம்பம் பிரிந்து கிடந்தது, ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. இன்ஜின் ஓடாத நேரத்தில் அது வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று விரல் முழுசாக, ஒன்று பாதியாக, எடுக்காமல் அப்படியே இருந்தது.

"ரம்பம் துள்ளலக்கா" என்றான்.

"என்னடா சொல்ற?"

"துள்ளவே இல்ல. செயின் கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு, அவ்வளவுதான். மாமா கிளையைப் பிடிக்கல. பின்னால வந்து என் தோளைத் தொட்டாரு. நான் விசையை விடாம அப்படியே திரும்பிட்டேன்க்கா. நான்தான். உன் செயின் இல்ல, நான்தான்."

அக்கா அவனை அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வருஷம்டா" என்றாள். "இந்தக் கையால பிள்ளைங்களுக்குத் தலை வாரிவிடக்கூடப் பயந்துக்கிட்டிருந்தேன். நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"உனக்கு இப்படி ஒரு எண்ணம் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா." அவன் அவளுக்கு நேர் எதிரே வந்தான். "ஆனா அவரு எதுக்கு வந்தாரு? பின்னால வரக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் எதுக்குப் பின்னால வந்தாரு? அது தெரியாமத்தான் நான் செத்துக்கிட்டிருக்கேன்."

அக்காவின் முகம் மாறிய விதத்தைப் பார்த்ததும், ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

"வந்துட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். "உன்கிட்ட வந்து சேர்ந்துட்டாரா? முன்னால போய்க் கிளையைப் பிடிச்சு நின்னாரு, அதுக்குள்ள துள்ளிடுச்சுன்னுல்ல நான் நினைச்சிருந்தேன்."

"என்னக்கா?"

"அன்னைக்குக் காலையில தகடை எடுத்து வைக்கும்போதுதான் மாத்தி வெச்சது தெரிஞ்சுது. உடனே அவருக்கு ஃபோன் போட்டேன். 'வெட்டிக்கிட்டிருக்கான், இரு, சுத்திக்கிட்டு முன்னால போய் கை காட்டுறேன்'னு சொன்னாரு. நான் கத்தினேன். 'கை காட்டிக்கிட்டு நிக்காதீங்க, அதுக்குள்ள துள்ளிடுச்சுன்னா என் தம்பி போயிடுவான், ஓடிப் போய்த் தொட்டு நிறுத்துங்க'ன்னு கத்தினேன்."

அவன் அக்காவின் கையைப் பிடிக்கப் போனான். அவள் கொடுக்கவில்லை.

"பதினேழு வருஷத்துல அந்த மனுஷன் என் பேச்சை ஒரு நாள் கேட்டது கிடையாதுடா" என்றாள். "அன்னைக்குக் கேட்டுட்டாரு."