பாண்டிச்செல்வி வாசலில் அரை எலுமிச்சம்பழம்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்ணின் மேலும் சத்தியம். (இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது; அந்தக் கண் முன்பைவிட நம்பகமானது.)

கதை பிறந்த இடத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செல்லூரில் எங்கள் தெரு டீக்கடையில், "வடையில உப்பே இல்லையேண்ணே" என்று எவனோ சொன்னான். உடனே சத்தியசீலன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். உப்பு என்ற சொல்லுக்கு எழுந்து ஓடுகிற மனிதரைக் கதை எழுதுகிறவன் சும்மா விடுவானா? பின்னாலேயே போனேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். சொல்லாமல் விட்டதை நானே நிரப்பினேன். இரண்டாவதில்தான் உண்மை கூடுதல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஐப்பசி மழை வெறித்த ஒரு காலையில்—"

வேண்டாம். மழையில் தொடங்கிய கதைகள் ஏற்கெனவே நிறைய ஊறிக் கிடக்கின்றன.

பிறகு இப்படி: "ஓடில்லாத நத்தை என்பது கடவுள் பாதியில் விட்ட—"

இதுவும் வேண்டாம். பாதியில் விடுவதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

சாதாரணமாகவே சொல்லிவிடுகிறேன். சத்தியசீலன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் கமிட்டி உறுப்பினர். வீட்டு முன்னால் ரோஜாத் தொட்டிகள், ஒரு பாத்தி அரைக்கீரை. மழைக்காலத்தில் ஓடில்லாத நத்தைகள் அதை மேய்ந்துவிட்டு, குளியலறைக் கழிவுநீர்க் குழாய் வழியாக வீட்டுக்குள்ளும் வந்துவிடும். ஒவ்வொன்றும் வெண்டைக்காய் நீளம். (முதலில் புடலங்காய் என்று எழுதியிருந்தேன். அவர் மனைவி ஆனிமேரி ஆட்சேபித்தார். குறைத்துவிட்டேன், சத்தியம் சத்தியம்தான்.) ஒன்று சுவரில் ஏறி, பணிநிறைவு விழாப் படத்தில் தலைமையாசிரியர் முகத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனது. சத்தியசீலன் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது— இது கதைக்குத் தேவையில்லை.

3

உப்பைப் போட்டால் செத்துவிடும் என்று அவருக்கும் தெரியும். ஆனிமேரி விடவில்லை.

"எப்படித் துடிக்குது பாருங்க. ஜெபம் பண்ற வீட்டுல இதெல்லாம் ஆகாது."

ஆகவே அவர் இரக்கத்தின் வழியைத் தேர்ந்தெடுத்தார். பழைய தோசைத்திருப்பியில் ஒவ்வொன்றாக ஏந்தி, சுவருக்கு அந்தப்பக்கம் எறிந்தார். அந்தப்பக்கம் பாண்டிச்செல்வி வீடு. புருஷன் தறிப்பட்டறையில் வேலை, மகள் பவதாரிணிக்கு இரண்டு வயது. பாண்டிச்செல்வியும் முருங்கைக் கன்றும் வெண்டைச் செடியும் வைத்திருந்தாள்.

ஒருநாள் சுவரோரம் வந்து கேட்டாள்: "ஏண்ணே, இந்தக் கொழகொழ சனியன் உங்க வீட்டுக்கும் வருதா? நேத்து பிள்ளை தொட்டில்ல கிடந்துச்சுண்ணே!"

"நம்ம வீட்லயா? இல்லையேம்மா."

தோசைத்திருப்பி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

(இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்து எழுதுவதை நிறுத்தினேன். இப்படிப்பட்ட ஆளா இவர்? விசாரித்தேன். இப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் தொடர்கிறேன்.)

4

எறிந்தவை திரும்பி வந்தன. எப்படித் தெரியும்? முதுகில் சுண்ணாம்பால் பொட்டு வைத்து எறிந்தார், பொட்டோடு வந்தன. ஒன்று குங்குமத்தோடு வந்தது. (இதை நம்ப வேண்டாம். மற்றதை நம்புங்கள்.)

பாண்டிச்செல்வி வாசற்படி இவர் கேட்டை ஒட்டியே இருக்கிறது. எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். கல்லுப்பு, அடுப்புச் சாம்பல், நொறுக்கிய முட்டை ஓடு மூன்றையும் கலந்து கோடாகப் போட்டால் தாண்டாது. பிழிந்த எலுமிச்சம்பழத்தைப் பாதி பாதியாகக் கவிழ்த்து வைத்தால் அதற்குள் போய் அடைந்துகொள்ளும். தம் பக்கம் போட்டால் ஆனிமேரி பார்ப்பார். ஆகவே விடியும்போது எழுந்து, பாண்டிச்செல்வியின் படிக்கு முன்னால் ஒழுங்காகக் கோடு இழுத்து, எலுமிச்சம்பழங்களையும் கவிழ்த்தார்.

அவர் வீட்டில் தொங்குவது சபைக் காலண்டர். அன்று அமாவாசை என்று அதில் போட்டிருக்கவில்லை.

5

"ஐயையோ, என் வாசல்ல செய்வினை வச்சிட்டாளே!"

தெருவே கூடிவிட்டது. சத்தியசீலனும் கூடினார். கூடாமல் இருந்தால் சந்தேகம் வருமல்லவா?

"யாரும்மா வச்சிருப்பா?" இந்தக் கேள்வியை அவரே கேட்டார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

"வேற யாருண்ணே? எங்க மதினிதேன், அந்த மேலூர்க்காரி ஒச்சாயி! நேத்து வந்தவ, என் பிள்ளையத் தூக்கி வச்சு, 'என்னடி இது, ஆட்டுக்காது மாதிரி இருக்கு, இதுல எம்புட்டுப் பெரிய தோடு போடுறது'ன்னு சிரிச்சிட்டுப் போனா. இனி அவ இந்தப் படி ஏறக் கூடாது. அவளக் கூப்பிடலன்னா எங்கண்ணனும் வரமாட்டான். வராட்டிப் போகட்டும்!"

விளக்கிவிடுகிறேன். பவதாரிணிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் சிவபாண்டி; அவன் பெண்டாட்டிதான் ஒச்சாயி. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையை மேலூரில் அவன் அப்போதே தைக்கக் கொடுத்திருந்தான்.

6

காதுகுத்து நெருங்கியது. சத்தியசீலன் தினமும் சொல்லிவிடுவதென்று எழுந்து, தினமும் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினார். செய்வினை இல்லை என்று சொன்னால் உப்பைச் சொல்ல வேண்டும். உப்பைச் சொன்னால் நத்தையைச் சொல்ல வேண்டும். நத்தையைச் சொன்னால் தொட்டிலைச்—

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சபைக் கோயிலுக்குப் புறப்பட்டபோது பாண்டிச்செல்வி பிள்ளையோடு கேட்டருகே வந்து நின்றாள்.

"அண்ணே, மாட்டேன்னு சொல்லக் கூடாது. எங்கண்ணன் இல்லாட்டி என்ன, நீங்க எனக்குக் கூடப்பொறக்காத அண்ணன். பிள்ளைய உங்க மடியில வச்சுக் காது குத்திப்புடுவோம். வேதக்காரரா இருந்தா என்ன, மடி மடிதானே?"

பவதாரிணி அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தாள். ஆனிமேரி கண் கலங்கி, "எம்புட்டு நல்ல மனசு செல்வி உனக்கு" என்றார். சத்தியசீலனுக்கு அந்த நிமிஷம் எலுமிச்சம்பழத்துக்குள் போய் அடைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: அவர் எல்லாவற்றையும் சொல்கிறார், அவள் சிரித்துவிடுகிறாள். எழுதிக் கிழித்துவிட்டேன். அவள் சிரிப்பதை எழுத முடிந்தது. அவர் சொல்வதை எழுத முடியவில்லை.

இன்னொன்று: ஆசாரி ஊசியை எடுக்கிறார், சத்தியசீலன் மடியில் பிள்ளை வீறிடுகிறது, மேலூரில் சிவபாண்டி பட்டுப்பாவாடையை மடித்து மடித்து வைக்கிறான். இதையும் கிழித்தேன்.

மற்றொன்றில் அவரை மேலூர் பஸ்ஸில் ஏற்றி, ஒச்சாயியிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

ஆகவே அவரைக் கேட்டருகிலேயே நிறுத்தியிருக்கிறேன். வாயைத் திறந்துவிட்டார்.

"செல்வி, அந்த உப்பு—"

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு உதவியாக ஒரேயொரு தகவல்: அந்த அமாவாசை விடிகாலையில், அவர் கடைசி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைக்கும்வரை, பாண்டிச்செல்வி தன் மாடிச் சுவரில் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.