சீடர்கள் ஓடிய இடம்

கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் கன்னியர் மடத்துப் பெண்கள் இருவரும் கிளம்பினார்கள். கரையிலிருந்து தீவு மடத்துக்கு மூன்று மைல் ஈர மணல். வழி தவறாமலிருக்க நூறு தப்படிக்கு ஒரு கம்பு நட்டிருக்கும். மறுநாள் வானதூதரான மிக்கேல் சம்மனசின் திருநாள். தீவில் கூடும் சனங்களுக்கு வழிபாட்டு மொழியான லத்தீன் புரியாது, அதனால் நம் பேச்சிலேயே ஒரு பாட்டு வேண்டும் என்று அங்கிருந்து ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்கள்.

பாட்டைக் கட்டியவள் ஹில்டித். முப்பது வயது, வாய்த்துடுக்கு அதிகம், காலையில் கட்டியதை மாலையில் மறந்துவிடுவாள். அவள் கட்டக் கட்ட மனதில் வாங்கிக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடுகிறவள் வில்பர்க். ஐம்பதை நெருங்கியவள், கணவனை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவள்.

போகிற வழியெல்லாம் வாக்குவாதம். ஆண்டவரைத் தலைவனாகவும் சீடர்களை அவர் மண்டபத்தில் தேன்மது குடித்து வளர்ந்த வீரர்களாகவும் வைத்து ஹில்டித் பாடியிருந்தாள். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு தோட்டத்தில் பகைவர்கள் வந்து அவரைப் பிடிக்கும் இடத்தில் பாட்டு நின்றுபோயிருந்தது. அந்த வீரர்கள் ஓடிப்போனார்களே, அதை எப்படிச் சொல்வது?

"ஓடினவங்களப் பாட்டுல ஏத்தாத" என்றாள் வில்பர்க். "கேக்கிறவன் காறித் துப்புவான்."

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. ஊர்த் தலைவன் போர்க்களத்தில் செத்துக் கிடக்க, அவள் கணவன் எக்ரிக் மட்டும் உடம்பில் கீறல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தான். தலைவனை விட்டு ஓடி வந்தவன் என்று ஊரே சிரித்தது. அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டாள். இரண்டு குளிர்காலம் கழித்து அவன் செத்தான் என்று சேதி வந்தது. அப்போதும் அவள் அழவில்லை.

பாதி மணலைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. முன்னால் இருந்த கம்பு மறைந்தது, திரும்பிப் பார்த்தால் பின்னால் இருந்ததும் இல்லை. குத்துமதிப்பாக நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் காலடி மணல் கொழகொழவென்று ஆனது. எங்கோ, எந்தப் பக்கம் என்று தெரியாமல், தண்ணீர் ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது.

ஹில்டித்தின் இடது கால் முழங்கால் வரை புதைந்தது. உருவப் பார்த்ததில் வலது காலும் போயிற்று. வில்பர்க் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் தன் பாதத்துக்குக் கீழேயும் மணல் வாயைத் திறப்பதை உணர்ந்தாள்.

கையை விட்டாள். ஓடினாள்.

யோசித்து ஓடவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பதே பத்திருபது எட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. பயத்தில் சிறுநீர் போய் உடை நனைந்திருந்தது. ஒரு கம்பில் முட்டி அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. எக்ரிக்கும் இப்படித்தான் ஓடியிருப்பான். ஓடணும்னு நினைச்சு ஓடியிருக்க மாட்டான் பாவி.

பின்னாலிருந்து கூப்பிடும் சத்தமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. வெள்ளைப் பனி, தண்ணீர், இந்தக் கம்பு, அவள். வேறு உயிர் கிடையாது.

"ஹில்டித், இருக்கியாடி?"

"இருக்கேன். நீ நிக்கிற இடம் கெட்டியா இருக்கா?"

"கம்பு கெடச்சிருச்சு."

"அப்ப போயிரு அக்கா. பாட்டு உன்கிட்டதான இருக்கு. எனக்கு முதல் அடியே ஞாபகம் இல்ல."

போவதற்கு நல்ல நியாயமும் கிடைத்துவிட்டது, யாரும் குறை சொல்ல முடியாது. வில்பர்க் அடுத்த கம்பு இருக்கும் திசையைப் பார்த்தாள். தனியாக அந்த வெண்மைக்குள் நடக்க வேண்டும். புதைவதைவிட அது பெரிய பயமாக இருந்தது.

"பேசிக்கிட்டே இருடி. நிறுத்தாத" என்று கத்திவிட்டு, கம்பைப் பிடுங்கிக்கொண்டு குரல் வந்த பக்கம் போனாள். மண் இளகியதும் போர்வையைக் கழற்றி விரித்து அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். ஹில்டித் வாய்க்கு வந்ததை உளறினாள்: சமையற்கட்டில் வாட்டிய விலாங்கு மீன், மடத்துத் தலைவியின் குறட்டை. மணல் அவள் தொடைவரை ஏறியிருந்தது, அதன்மேல் தண்ணீர் ஒரு சாண் நின்றது. கம்பைக் குறுக்கே போட்டு, அதன்மேல் அவள் நெஞ்சைச் சாய்க்கச் சொல்லி, வில்பர்க் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். ஏறி வந்த தண்ணீரே மணலை இளக்கிக் கொடுத்தது. முதலில் ஒரு கால் வந்தது. செருப்பு உள்ளேயே போயிற்று. பிறகு மற்றது.

இடுப்புக் கயிற்றை ஒருவரோடொருவர் பிணைத்துக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் தடவித் தடவி நடந்தார்கள். தீவு மடத்தின் மணி ஒலித்திராவிட்டால் திசை தெரிந்திருக்காது.

தீவு மடத்து அடுப்பங்கரையில் சூடான ஓட்ஸ் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு வில்பர்க், தான் விட்டுவிட்டு ஓடியதைத் தானே எடுத்துச் சொன்னாள். தெரியும் என்றாள் ஹில்டித். தன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் புது அடிகளைச் சொல்லத் தொடங்கினாள். வீரர்கள் ஓடினார்கள். ஆளுக்கொரு மரத்தின் பின்னால் ஒளிந்தார்கள். தலைவனில்லாத இருட்டு பகைவனின் ஈட்டியைவிடக் கூராக இருந்தது. அவர்களுக்குப் போக்கிடம் எங்கே?

"என்னையச் சொல்றியா?"

"என்னையுந்தான். உன் கால் மாட்டியிருந்தா நானும் ஓடியிருப்பேன்."

மறுநாள் வில்பர்க் சனங்கள் முன்னால் பாடினாள். ஓடிய இடம் வந்தபோது குரல் உடைந்தது. யாரும் துப்பவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு மீனவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

திரும்பும்போது மணல் வழி வேண்டவே வேண்டாம் என்று படகில் ஏறினார்கள். கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் கரை தட்டும்வரை வில்பர்க் ஹில்டித்தின் சட்டைக் கையை விடவில்லை.