கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்

பாண்டியராஜுக்கு இந்த வருடத்தோடு போலீஸ் வேலைக்கான வயது முடிகிறது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. சங்கரன்கோவிலில் தறிவேலைக்குப் போகும் அவன் அக்கா பொன்மணி, விடிந்தும் விடியாததுமாக மொபெட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போவாள். குளத்துக்கரையை ஒட்டிக் கீழே போகிற வண்டிப்பாதையில்தான் ஓட்டம்.

ஓட்டத்தை அளக்க அவன் போனில் ஒரு ஆப். ஓடிய நேரத்தை அது சின்ன எழுத்தில் காட்டும். மேடேறிய சிரமத்தைக் கழித்து, சமதரையாக இருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்பதைக் கொட்டை எழுத்தில் காட்டும். சின்ன எழுத்தில் ஏழு நிமிடம் பதினைந்து செகண்ட். கொட்டை எழுத்தில் ஆறு நாற்பது. பாண்டியராஜ் எதைப் பார்த்திருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஏது மேடு என்று பொன்மணி கேட்டதற்கு, அது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், சாட்டிலைட்டுக்குத்தான் தெரியும் என்றான்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நல்ல மழை. மறுநாள் காலையில் பாதையின் இரண்டு தடங்களிலும் நெடுகத் தண்ணீர் நின்றது. வயலில் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்தவளுக்கு மட்டம் பார்க்க வேறெதுவும் வேண்டாம். விரல்கடை சரிவு இருந்தாலும் தண்ணீர் ஓடிவிடும். ஒரு வேப்பிலையைப் போட்டுப் பார்த்தாள். போட்ட இடத்திலேயே கிடந்தது. போனோ முப்பது மீட்டர் ஏற்றம் என்றது. பக்கத்துக் கரையின் உயரத்தையும் பாதையின் உயரத்தையும் மாற்றி மாற்றி எடுத்துக் கூட்டியிருக்கிறது, பாழாய்ப்போன சனியன்.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அப்பா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. பேசாமல் வண்டியைத் திருப்பினாள்.

தேர்வன்று சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவன், ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். ஏழு நிமிடம் நாலு செகண்டாம். பொன்மணி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"இருவது செகண்டு கையில இருக்குன்னு நெனச்சு கடைசி ரவுண்டுக்கு மூச்ச மிச்சம் வச்சேன்க்கா. ஓடி முடிச்ச பெறவும் மிச்சம் இருந்துச்சு."

அவன் போனைக் குற்றம் சொல்லத் தொடங்கினான். அதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அந்தப் பாதையில ஏத்தமே கெடையாதுலே. மழ பேஞ்ச மறுநாளே தண்ணியப் பாத்து எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தான்.

"பதினோரு நாள்ல நாலு செகண்டக் கொறச்சிருப்பேனேக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பொன்மணி தாங்கியிருப்பாள்.