பக்கத்து சீட்

குழாய் ஒழுகினால் மற்ற மனைவிமார் "குழாய் ஒழுகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. அவள் சாஃப்ட்வேர் டெஸ்டர். புரோகிராம் எழுதுகிறவர்கள் விட்ட பிழைகளைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்கிப் பழகியவள். அடுத்த அறையில் இருக்கும் கணவனின் போனுக்கு மெசேஜ் போகும்.

"இடம்: சமையலறை. செய்தது: குழாயை இறுக்கி மூடினேன். எதிர்பார்த்தது: தண்ணீர் நிற்கும். நடந்தது: நிற்கவில்லை."

அவன் புரோகிராம் எழுதுகிறவன். அந்த இனத்துக்கே உரிய பதிலை அனுப்புவான்: "நான் மூடினா நிக்குதே."

பிறகு முனகிக்கொண்டே எழுந்து வந்து சரிசெய்வான். அவள் நாலு தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் "மூடப்பட்டது" என்று கடைசி மெசேஜ் வரும். அதுவரை அந்தப் புகார் உயிரோடு இருக்கும்.

இந்தக் குடித்தனமும் அவர்களுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. கல்யாணத்திலிருந்தே அவள் வேலை ஓர் ஊரில், அவன் வேலை ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்தால் எட்டும் இன்னோர் ஊரில். இந்த முறை இருந்த லீவையெல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். லீவு முடிவதற்குள் இங்கே வேலை கிடைத்தால் அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, பழையபடி போனில் குடித்தனம்.

ஏறி இறங்கிய கம்பெனிகளெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றன. ஒரு கம்பெனியில் மட்டும் அதையும் சொல்லவில்லை. அவர்கள் வெப்சைட்டில் பிறந்த தேதியாக நாளைய தேதியைப் போட்டாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்று உட்கார்ந்ததுமே அவள் சொல்லியிருந்தாள்.

மிச்சம் இருந்தது அவன் வேலை பார்க்கும் கம்பெனி.

"மேனேஜர்கிட்ட நான் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேனே" என்றான்.

"வேண்டவே வேண்டாம். புருஷன் சிபாரிசுல வந்தவள்னு ஆயுசுக்கும் பேசுவாங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க."

"எதிர்ல பாத்தா?"

"யாரோ எவரோன்னு போங்க."

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றாள். மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் கணவன். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. பட்டன் அறுந்துபோன இடத்தை அடையாள அட்டையால் மறைத்திருந்தான். அந்தப் புகாரும் உயிரோடுதான் இருந்தது.

"கேள்வி கேக்க வேண்டியவருக்குத் திடீர்னு காய்ச்சல்" என்றார் மேனேஜர். "அதனால இவரை இழுத்துட்டு வந்து உக்கார வெச்சிருக்கேன். நீங்க இப்ப டெஸ்ட் பண்ணப்போற ஆப்பை எழுதினவரும் இவர்தான்."

"வணக்கம் சார்" என்றாள் கணவனைப் பார்த்து.

"உக்காருங்க மேடம்" என்றான். குரல் பாதியில் கீச்சிட்டது.

வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் பதிவு செய்யும் ஆப் அது. அரை மணி நேரம் நோண்டிப் பார்த்துப் பிழைகளைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. தொட்ட இடமெல்லாம் அவன் கைவண்ணம் தெரிந்தது. பீரோவைத் திறந்தால் மூட மறக்கிறவன், இங்கேயும் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு மூட வழி வைக்காமல் விட்டிருந்தான்.

சொன்னால் மேனேஜர் முன்னால் அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பஸ். அவள் தயங்குவதைப் பார்த்தவன், மேஜை மேல் இருந்த தண்ணீர் கிளாஸை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான். வீட்டில் அவள் பேச வந்து விழுங்கும்போதெல்லாம் செய்வதுதான். 'சொல்லு, பரவாயில்ல' என்று அர்த்தம்.

ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். சின்னச் சின்னப் பிழைகளை முதலில், கூடிய மட்டும் நோகாமல். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே குறித்தார். அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"கடைசியா ஒண்ணு. செய்தது: ரெண்டு பேருக்குப் பக்கத்துப் பக்கத்துல சீட் எடுத்தேன், அப்புறம் பயணத் தேதியை மாத்தினேன். எதிர்பார்த்தது: அந்தத் தேதியிலயும் பக்கத்துப் பக்கத்து சீட். நடந்தது: பஸ் முழுக்கக் காலியா இருந்தும், ஒருத்தர் டிரைவருக்குப் பின்னால, இன்னொருத்தர் கடைசி வரிசையில."

இந்த இடத்தில் அவனுக்குள் இருந்த புரோகிராம்காரன் விழித்துக்கொண்டான்.

"அதெப்படி? என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே வருது."

"முந்தாநாள் குக்கர் விசில் அடிக்கலன்னு சொன்னப்பவும் இதையேதான் சொன்னீங்க. கடைசியில அந்த வெயிட் யாரு பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு?"

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவு வந்தது. மேனேஜர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"யாரு பாக்கெட்ல?"

"என் பாக்கெட்லதான் சார்" என்றான். "அதே மாதிரி புதுசு வாங்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். மறந்துட்டேன்."

"ஏன்யா என்கிட்ட முதல்லயே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க சார்."

"யாரு?"

அவன் எதிரே கையைக் காட்டினான். "மேடம்தான்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தப்பு என் மேலதான் சார். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"உக்காருங்கம்மா. இந்த இன்டர்வியூ செல்லாது, அது வேற விஷயம்." மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "இந்த சீட் விஷயமா ரொம்ப நாளாப் புகார் வந்துட்டே இருக்கு. தம்பதிங்க, வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க. எல்லாருக்கும் நாங்க என்ன பதில் போட்டோம் தெரியுமா?"

"எங்க பக்கம் சரியா வருதுன்னு" என்றாள்.

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், அவனை வெளியே போகச் சொன்னார். மேல் மாடியில் பேங்க் சாஃப்ட்வேர் பார்க்கும் குழுவின் தலைவியை வரவழைத்து, முதலிலிருந்து இன்டர்வியூவை நடத்தச் சொன்னார். அவன் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, வேண்டாத காபியாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் கையில் வேலை உத்தரவோடு வந்தாள். முகத்தில் முழுச் சந்தோஷம் இல்லை.

"மேல் மாடியில போட்டிருக்காங்க. நீங்க எழுதுற எதையும் நான் டெஸ்ட் பண்ணவே கூடாதாம். கம்பெனி ரூலாம்."

"அப்பாடா" என்றான்.

"அப்ப அதையெல்லாம் யாருங்க பார்ப்பாங்க?" நிஜமாகவே கவலைப்பட்டாள்.

டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். அவளுக்கு முன்வரிசையில் ஜன்னலோரம் கிடைத்தது, அவனுக்குக் கடைசி வரிசை. ராஜினாமா கொடுக்கவாவது ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அது திரும்பி வருவதற்காகப் போவது. ஜன்னலில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள்.

"இடம்: பஸ். எதிர்பார்த்தது: பக்கத்து சீட். நடந்தது: கடைசி வரிசை."

வழக்கமான பதிலைத்தான் எதிர்பார்த்தாள். பதிலே வரவில்லை. பின்னால் ஏதோ சலசலப்பு. "கொஞ்சம் வழி விடுங்க, சார் கொஞ்சம்" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவன், அவள் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவரைத் தொட்டு எழுப்பினான்.

"ஐயா, பின்னால என் சீட் இருக்கு, காத்து நல்லா வரும். இங்க நான் உக்காந்துக்கட்டுமா?"

"ஏன் தம்பி, இதுல என்ன இருக்கு?"

"என் சம்சாரம் இருக்காங்க."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். அவன் மூச்சு வாங்க உட்கார்ந்தான். அவள் அவன் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தை ஒரு தடவை பார்த்தாள். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கே ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

"மூடப்பட்டது."