வடக்குச் சுவர்

2012 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. மிசூரி மாநிலத்தின் வடகிழக்கில், நியூ ஆல்ட்மன் ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி, வெர்லின் டாப்மயரின் சோயா வயலில் விழுந்திருந்த ஒரு வெடிப்புக்குள் அளவு நாடா மூன்று அடி நான்கு அங்குலம் இறங்கியது. ஜூன் பத்தாம் தேதிக்குப் பிறகு அங்கே மழை இல்லை.

அதே நாளில் வீட்டின் வடக்குப் பக்கத்திலும் மண் விலகியிருந்தது. நிலவறைச் சுவருக்கும் தரைக்கும் நடுவே, சுவர் நெடுக முப்பத்திரண்டு அடி நீளத்துக்கு, மூன்று விரல் அகலத்தில் ஓர் இடுக்கு. அதற்குள் முன்னங்காலை விட்டுத் திமிறியதில் அவர்களுடைய நாய் டியூக்கின் எலும்பு முறிந்தது. வெர்லினின் மனைவி ரோண்டா அதைத் துண்டில் சுற்றி மாட்டு வைத்தியரிடம் கொண்டுபோனாள். வெர்லின் லாரியை எடுத்துக்கொண்டு கல் குவாரிக்குப் போனார்.

எங்கள் மேட்டு நிலத்தின் மண் காற்று கொண்டுவந்து கொட்டியது. எந்தக் காலத்திலோ ஆற்றுப்படுகைகளிலிருந்து பறந்து வந்து படிந்த தூசி. மேலே ஓரடிக்கு மாவு மாதிரி இருக்கும். அடியில் நாலு அங்குலம் சாம்பல் நிறம். அதற்கும் கீழே, கத்தியால் கோடு கிழித்ததுபோல் களி தொடங்கிவிடும். மழைத் தண்ணீர் அந்தக் களி வரை இறங்கி அப்படியே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் மேடான, தட்டையான இடமாகப் பார்த்து வீடு கட்டுவார்கள். இங்கே மேடுதான் அதிக ஈரம். தண்ணீர் இறங்க வழியும் இல்லை, ஓடச் சரிவும் இல்லை. வெர்லின் புதிதாக வந்தவர் அல்ல, ஆனாலும் சாலையோரம் என்பதால் அங்கேதான் கட்டினார். 1988-இல், அதுவும் ஒரு வறண்ட வருடம், நிலவறையின் நான்கு சுவர்களையும் ஹாலோ பிளாக் கல்லில் தானே எழுப்பினார். அதைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரோண்டாவின் அண்ணன் கோர்டன் சாப்பிட வந்தார். மாவட்டத்தின் மண்ணை வரைபடமாக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். வடக்குப் பக்கம் போய் நின்றார்.

"என்ன மாப்ளே இது? இடுக்குல என்ன போட்டிருக்கே?"

"ஜல்லி. ஜல்லியும் கிரஷர் தூசியும். பத்தொம்பது தள்ளுவண்டி உள்ள போயிருக்கு. கம்பியால இடிச்சு இடிச்சு இறக்கியிருக்கேன் மச்சான். இனிமே ஒரு எலி நுழையாது."

"எடுத்துடு."

"எதை?"

"போட்டது எல்லாத்தையும்."

வெர்லின் வீட்டைப் பார்த்துக் கத்தினார். "ரோண்டா, உங்கண்ணனுக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு. ஐஸ் போட்டு டீ கொண்டா!"

"கேலி அப்புறம் பண்ணு. மழை பெஞ்சா இந்தக் களி மறுபடி உப்பும். உப்பறதுக்கு அது விட்டுவச்ச இடம் இது. நீ அதை அடைச்சு வச்சிருக்கே. அது வேற எங்க போகும்? உன் வீட்டுக்குள்ளதான் வரும்."

"மண்ணு வீட்டுக்குள்ள வருமாம்! முப்பது வருஷம் கவர்மென்ட் சம்பளத்துல குழி தோண்டினவன் சொல்றான், கேட்டுக்கோ."

"நான் தோண்டின குழி எதுவும் எந்தச் சுவரையும் தள்ளல."

"டியூக் காலு ஒடஞ்சுதே, அதுக்கு என்ன சொல்றே? நாளைக்கு அதே இடத்துல மனுஷன் கால் போனா?"

"பலகை போட்டு மூடு. அடைக்காதே. சுவரோரமா சொட்டுக் குழாய் போட்டு மெதுவா தண்ணி விடு, தன்னால சேந்துக்கும்."

"மாட்டுக்கே தண்ணி பத்தல. மண்ணுக்கு ஊத்தணுமாம்."

வீட்டைச் சுற்றிக் களை மண்ட விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் வருவதில்லை. இடுக்கைக் கண்டதும் அடைத்தே தீரவேண்டும் என்று கை பரபரக்கிற, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்கிற ஆட்கள்தான் இதைச் செய்வார்கள். கோர்டன் இதற்கு முன்பு மூன்று வீடுகளில் பார்த்திருந்தார். அதில் ஒன்று இப்போது இல்லை. சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சொல்லத் தொடங்கியபோது வெர்லின் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார்.

குளிர்காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் பனி உருகியது. மார்ச்சில் மழை தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கியது. வயல் வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

மார்ச் 19 அன்று துணி துவைக்கக் கீழே போன ரோண்டா, வடக்குச் சுவரில் மேலிருந்து மூன்றாவது வரிசைக் கல்லுக்கு அடியில், பூச்சு நெடுக ஒரு மெல்லிய கோட்டைக் கண்டாள். விரல் நகம் நுழைந்தது. பென்சிலால் பக்கத்தில் தேதியைக் குறித்துவைத்தாள். ஏப்ரல் 2 அன்று தீக்குச்சி நுழைந்தது. அதற்கும் தேதி போட்டாள். மறுநாள் வெர்லின் நீர்க்காப்புப் பெயிண்ட் வாங்கிவந்து சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். தேதிகள் மறைந்தன. ஒரு வாரத்தில் வெள்ளைக்கு நடுவே அதே கோடு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

சமையலறையின் பின்கதவு சட்டத்தில் இடித்தது. வெர்லின் அதை இழைப்புளியால் இழைத்துச் சரிசெய்தார். பத்து நாளில் மீண்டும் இடித்தது.

ரோண்டா அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். "அண்ணே, அவருக்குத் தெரியாம வா."

"அவனுக்குத் தெரியாம எப்படி வர்றது? என் வண்டிச் சத்தம் ஊருக்கே கேக்கும்."

அவர் வந்தபோது வெர்லின் வாசலில்தான் நின்றிருந்தார். கூடவே நடந்தார். கோர்டன் நிலவறையில் கூரைச் சட்டத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். சுவரின் நடுப்பகுதி நூலிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே வந்திருந்தது. பிறகு வெளியே போய், சுவரிலிருந்து எட்டடி தள்ளி, மண் துளைப்பானை இறக்கினார். முதல் அடி தொளதொளவென்று இருந்தது. துளைப்பானை வெளியே எடுத்ததும் குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. அடுத்த இரண்டடியில் களி கிரீஸ் மாதிரிப் பளபளத்துக்கொண்டு இரும்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம், நடுநடுவே துருப்பிடித்த புள்ளிகள். ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினார். நாடா மாதிரி நீண்டு, மூன்று அங்குலம் தொங்கிய பிறகும் அறுபடவில்லை. இன்னும் ஆழத்துக்குப் போனார். நாலரை அடியில் வந்த மண்ணை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். அது பொடியாக உதிர்ந்தது.

"பாத்தியா?" என்றார்.

"காஞ்சிருக்கு. நல்லதுதானே?" என்றார் வெர்லின்.

"போன வருஷத்து வறட்சி இன்னும் உள்ள இருக்கு. இந்தத் தண்ணி மெதுவா அது வரைக்கும் போகும். போகப் போக அதுவும் உப்பும். இப்ப நீ பாக்கறது பாதிதான் மாப்ளே."

வெர்லின் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் துடைத்தார். இந்த முறை கேலி வரவில்லை. "என்ன பண்ணணும்?"

"வெளிய சுவரோரமா ஆள் உயரத்துக்குத் தோண்டி, ஜல்லியை எடுத்து, மண்ணை விலக்கணும். ஆனா இப்ப முடியாது. தோண்டற மெஷினை இந்தச் சேத்துல கொண்டுவந்து நிறுத்தினா அதோட கனமே சுவரைத் தள்ளிடும். காயணும்."

"எப்ப காயும்?"

கோர்டன் வானத்தைப் பார்த்தார். "அது வரைக்கும் கீழ யாரும் போகாதீங்க. துணி என் வீட்ல தோச்சுக்கோ ரோண்டா."

ஏப்ரல் காயவில்லை. மக்காச்சோளம் விதைக்க டிராக்டர்கள் வயலில் இறங்க முடியவில்லை. வெர்லின் நகரத்துக்குப் போய் மூன்று இரும்பு ஜாக்கிகள் வாங்கினார். தரையில் ஒரு மரக்கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, அதிலிருந்து சாய்வாகச் சுவருக்கு முட்டுக்கொடுத்தார். சுவர்ப் பக்கம் தடித்த பலகை வைத்தார். தினமும் காலையில் காபி குடித்துவிட்டுக் கீழே போய் மூன்று ஜாக்கிகளுக்கும் கால் சுற்றுக் கொடுத்துவிட்டு வருவார்.

"போகாதேன்னு அண்ணன் சொன்னான்ல?"

"நான் கட்டின சுவருடி. என்னைத் தெரியும் அதுக்கு."

"என்னையும் இருவத்தஞ்சு வருஷமாத் தெரியும். நேத்து என் காது கேக்க ஒரு பலகை முனகிச்சு."

"மரம் முனகத்தான் செய்யும்."

மே 23, வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஆறு நாளில் ஐந்து நாள் மழை பெய்திருந்தது. முற்றத்தில் நடந்தால் கால்தடத்தில் தண்ணீர் நின்றது. மதியம் இரண்டரை மணிக்கு வானொலியில், மாலைக்குள் சுழற்காற்று உருவாகலாம் என்ற முன்னெச்சரிக்கை வந்தது. இந்தப் பக்கத்தில் அப்படி வந்தால் ஆட்கள் கீழே பதுங்குவதற்காக நிலவறைக் கதவைத் திறந்துவைப்பார்கள், டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரோண்டா கதவைத் திறக்கவில்லை. கோர்டனின் வீடு நாலு மைல் தொலைவில், ஓடைச் சரிவில் இருந்தது. சரிவைக் குடைந்து அவர் ஒரு காங்கிரீட் பதுங்கறை கட்டியிருந்தார். நாலு மணிக்கு ரோண்டா நாயை வண்டியில் ஏற்றினாள்.

வெர்லின் முன்வாசலில் கையைக் கட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றிருந்தார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"வா, போலாம்."

"அபாயச் சங்கு ஊதட்டும்."

"ஊதின அப்புறம் நாலு மைல் ஓட்டுவியா?"

"ஊதினா கீழ போறேன். இந்த வருஷம் மூணு தடவை ஊதிட்டாங்க. மூணு தடவையும் ஒரு கோழி இறகு பறக்கல."

"மேலயே இரு வெர்லின். குளிக்கிற தொட்டியில படுத்துக்கோ, மெத்தையை மேல போட்டுக்கோ. கீழ மட்டும் போகாதே."

"தொட்டியில படுத்தேன்னு தெரிஞ்சா உங்கண்ணன் சாகற வரைக்கும் சிரிப்பான். நீ கெளம்பு. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடு."

அவள் கிளம்பினாள். சாலைத் திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தபோதும் அவர் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பதுக்கு நியூ ஆல்ட்மன் சங்கு ஊதியது. நாலு ஐம்பத்து நாலுக்குக் கோர்டனின் பதுங்கறையில் ரோண்டாவின் கைபேசி அடித்தது.

"எங்க இருக்கே?" என்றாள்.

"கீழதான். தெக்குச் சுவரோரம். நாற்காலி போட்டு ராஜா மாதிரி உக்காந்திருக்கேன்."

கோர்டன் ஃபோனை வாங்கினார். "மேல போடா. இப்பவே போ."

"மேல ஆலங்கட்டி கொட்டுது மச்சான். மேற்கே பச்சையா இருக்கு வானம். இப்ப எவனாவது மேல போவானா?"

"சுவர்லேர்ந்து தண்ணி வருதா?"

"கோட்டு வழியா வருது. நெடுக்க. கலங்கலா இருக்கு."

"மண்ணு வருதா தண்ணியோட?"

"நடு ஜாக்கி லேசா நகந்திருக்கு. பலகை கீழ எறங்கிடுச்சு. ஒரு சுத்து குடுத்தா நின்னுடும்."

"கிட்ட போகாதே! வெர்லின்!"

"ரோண்டாகிட்ட குடு." அவள் வாங்கினாள். "ஒரு சுத்து சுத்திட்டு வரேன். லைன்லயே இரு" என்றார்.

அவர் ஃபோனை நாற்காலியில் வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீரில் நடக்கும் சத்தம் கேட்டது. இரும்பு ஒருமுறை கிரீச்சிட்டது, பிறகு இன்னொரு முறை. அதற்குப் பிறகு கேட்டது இடி என்றுதான் ரோண்டா முதலில் நினைத்தாள். கோர்டன் அப்படி நினைக்கவில்லை. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு ஆலங்கட்டி மழையில் வண்டியை நோக்கி ஓடினார். ரோண்டா ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

ஐந்து பன்னிரண்டுக்குச் சங்கு நின்றது. மேகம் சுழன்றபடியே ஊருக்குத் தெற்கே கடந்துபோனது. எங்கும் தரையைத் தொடவில்லை. வெர்லின் வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடியும் உடையவில்லை. வடக்குச் சுவரின் நடுவே பதினெட்டு அடி உள்ளே விழுந்திருந்தது. தன்னார்வத் தீயணைப்புப் படையைச் சேர்ந்த பதினோரு பேர் வாளிகளில் களியை அள்ளினார்கள். அது மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டதால் ஒவ்வொரு முறையும் கையால் வழிக்கவேண்டியிருந்தது. மாலை ஏழு நாற்பதுக்கு உடலை எடுத்தார்கள்.

மார்பு நசுங்கியதால் மரணம் என்று மாவட்டப் பிணக்கூறு அதிகாரி எழுதினார். அன்றைய புயல் அறிக்கையில் எங்கள் மாவட்டத்துக்கு எதிரே உயிர்ச்சேதம் இல்லை, பொருள்சேதம் இல்லை என்று பதிவாகியிருக்கிறது.